பதினோராவது வரியில் இருந்த தராசு

2016 பெப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. நல்ல வெயில். இரவுப் பனி தேயிலையின் மேல் காய்ந்து முடிந்திருந்தது. மூன்று வாரமாக மழை இல்லை. கொழுந்தில் நிற்கும் மழைத் தண்ணீரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியின் தலைவிதி, மழையே இல்லாத அந்தக் காலையில், றொசல்ல ரயில் ஸ்டேஷனுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தின் ஆபீஸ் அறையில் முடிவானது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அறையில் மூன்று பேர் இருந்தோம்: தோட்டத்து மேனேஜரான துரை, எங்கள் ஆய்வு நிலையத்தின் பணிப்பாளர் பேராசிரியர் தேவசகாயம், நான். தேநீர் இரண்டு கோப்பைதான் வந்தது.

அன்று நடந்ததை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. போன மாதம் நிலையத்திலிருந்து நிரோஷா தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபோது அவள் பயிற்சிக்கு வந்திருந்தவள். இப்போது ஒரு பிரிவுக்கே பொறுப்பு.

"சேர், புதுசா வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கைநூல் போடுறோம். புரபோசல் எழுதுறது எப்படின்னு நீங்க ஒரு கட்டுரை தரணும்."

"எத்தனை பக்கம்?"

"எட்டுப் பக்கம் சேர். கொழுந்து ஈரம் பத்தின புரபோசலை மாதிரியா பின்னால இணைக்கிறோம். அதுல ஒரு குறையும் இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க."

"குறை இல்லைதான்" என்றேன். "அதைத்தான் எழுதப்போறேன்."

எட்டுப் பக்கத்துக்குள் முடிக்க வேண்டும். என்னைப் பற்றி அதில் கால் பக்கம் போதும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தேன். ஹட்டனில் உயர்தரம் வரை படித்தேன். கினிகத்தேனையில் நான்கு வருடம் டியூஷன் கொடுத்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டம் எடுத்தேன். 1988இல் நிலையத்தில் தகவல் சேகரிப்பவனாகச் சேர்ந்து, 2019இல் முதுநிலை ஆய்வு உதவியாளனாக வெளியே வந்தேன். நாற்பத்தாறு ஆராய்ச்சித் திட்ட முன்மொழிவுகளில் என் கை பட்டிருக்கிறது. பத்தொன்பதுக்குப் பணம் கிடைத்தது. நன்றியுரையில் என் பெயர் பதினொரு தடவை வந்திருக்கிறது, அதில் இரண்டு தடவை பிழையாக. ஆய்வாளர் என்ற இடத்தில் என் பெயர் வந்தது ஒன்றே ஒன்றில்தான். கைநூலின் பின்னால் நீங்கள் பார்க்கப்போவது அதைத்தான்.

பேராசிரியர் தேவசகாயம் நம் பக்கத்து ஆள். அவருடைய அப்பா ஹட்டன் பசாரில் முஸ்லிம் நாநா ஒருவரின் கடையில் கணக்கு எழுதியவர். பேராசிரியர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாருடைய எழுத்தையும் அவர் வெட்டியதும் இல்லை. ஒரு மர அடிமட்டத்தைப் பக்கத்தின் மேல் வைத்து, கீழே உள்ள எல்லாவற்றையும் மறைத்து, ஒரு வரியை மட்டும் வாசிப்பார். சரியென்றால் மட்டம் ஒரு வரி இறங்கும். சரியில்லையென்றால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். நாமே கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டுபோக வேண்டும். அவருக்குப் பிடிக்காததை மாற்ற நினைத்தால், "இத இப்பிடியும் வைக்கலாமே" என்பார். அந்த வார்த்தை வந்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

முன்மொழிவு தயாரிப்பதில் அவரிடம் கற்றதை ஒளிக்காமல் சொல்கிறேன். இதைவிட நல்ல முறை இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது கணினியில் கட்டம் கட்டமாக நிரப்பி அனுப்பச் சொல்கிறார்களாம். எத்தனை கட்டம் இருந்தாலும் வேலை இதுதான்.

முதலில் கேள்வி. சட்டைப் பெட்டிக்குள் வரும் அட்டையைத் தபாலட்டை அளவுக்கு வெட்டி வைத்திருப்பார். ஆராய்ச்சியின் கேள்வியை அதில் ஒரே வாக்கியமாக எழுத வேண்டும். அட்டைக்குள் அடங்காவிட்டால் அது இன்னும் கேள்வியாகவில்லை. தலைப்பு, பின்னணி, முன்னர் பிறர் செய்த ஆய்வுகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். அட்டை தேறிய பின் ஒரு பெரிய தாளில் ஐந்து பத்தியாகக் கோடு கீறுவோம். கேள்வி, அதிலிருந்து வரும் நோக்கம், நோக்கத்துக்குத் தேவையான தகவல், அதை எந்த நாளில் எந்த இடத்தில் யாரிடம் எடுப்பது, அதற்கு ஆகும் செலவு. நாங்கள் இடமிருந்து வலமாக நிரப்புவோம். அவர் வலமிருந்து இடமாக வாசிப்பார்.

"இந்த ரெண்டாயிரம் எதுக்கு?"

"துணி வாங்க, சேர்."

"துணி எதுக்கு?"

இப்படியே கேட்டுக் கேட்டு அந்த ரெண்டாயிரம் ரூபா கேள்வி அட்டைவரைக்கும் வந்து சேர வேண்டும். நடுவில் எங்காவது அறுந்தால் புள்ளி விழும். "நோக்கமில்லாத காசு களவு. காசில்லாத நோக்கம் ஆசை" என்பார். இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். முதல் வாக்கியத்தை இன்றும் சொல்வேன்.

கொழுந்துத் தண்ணீரைப் பற்றிய கேள்வி என் தங்கை மாரியாயியிடமிருந்து வந்தது. அவள் அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், லயத்தில் குடியிருப்பவள். 2015 முடியப்போகும் நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்தில் ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. நிறுக்கும் கொட்டகைக்கு மடுவம் என்று பெயர். மூன்று நிறுவையும் சேர்த்துப் பதினெட்டுக் கிலோ வந்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து நிற்கிறது என்று சொல்லி, நிறுவைக்கு ஒரு கிலோ கழிப்பார்கள். ஒரு நாளைக்கு மூன்று கிலோ.

"அண்ணே, நீங்க பெரிய ஆராச்சி ஆபீஸ்ல இருக்கீங்க" என்றாள் மாரியாயி. "ஒரு கிலோ தண்ணி கழிக்கிறாங்களே, ஒரு கிலோ தண்ணி அதுல இருக்குதான்னு யாராச்சும் நிறுத்துப் பாத்திருக்காங்களா?"

"இல்ல. யாரும் பாக்கல."

"அப்பறம் என்னத்தத்தான் ஆராயிறீங்க?"

அவளுடைய வீட்டுக்காரர் பெரியண்ணன் வாசலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். "மச்சான் ஆபீஸ்ல தண்ணி குடிக்கிற கணக்குத்தான் இருக்கும்" என்றார்.

திங்கட்கிழமை அட்டையில் எழுதினேன்: 'மழை நாளில் மடுவத்தில் கழிக்கப்படும் எடை, அந்தக் கொழுந்தில் உண்மையில் நிற்கும் தண்ணீரின் எடைக்குச் சமமா?' பேராசிரியர் இரண்டு தடவை வாசித்தார். அட்டையைத் திருப்பித் தரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இருபத்தேழு வருடத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"இது கேள்வி" என்றார். "இதுல உங்க பேரையும் போடுவோம்."

ஏழு வாரம் வேலை செய்தேன். நோக்கங்கள் மூன்று. ஒன்று, கொழுந்தின் மேல் நிற்கும் தண்ணீரை அளப்பது. இரண்டு, அதை மடுவத்தில் கழிக்கும் எடையோடு ஒப்பிடுவது. மூன்று, நியாயமான கழிவு எவ்வளவு என்று சொல்வது. செலவுப் பட்டியலில் பதினான்கு வரி. பதினோராவது வரி: தொங்கு தராசு ஒன்று, அரசாங்க முத்திரை பதித்தது, பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபா. அதை, மடுவத்தில் நிறுத்து எழுதும் கணக்கப்பிள்ளையின் தராசுக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டு, அவர் நிறுத்துச் சீட்டு எழுதிய பின் அதே கொழுந்தை நாங்களும் நிறுப்பது என்பது திட்டம். இரண்டாவது நோக்கம் முழுவதும் அந்த ஒரு தராசில் தொங்கிக்கொண்டிருந்தது. கழிவைப் பற்றித்தான் பார்க்கிறோம் என்று பறிக்கும் பெண்களுக்கு முதலிலேயே சொல்லிவிட ஒரு விளக்கத் தாளும் எழுதினேன். வாசித்துக் காட்டுவதற்கு, ஒரு பக்கம், பேச்சுத் தமிழில். பேராசிரியரின் மட்டம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இறங்கியது. ஒரு புள்ளிகூட விழவில்லை. பாக்கி இருந்தது தோட்டத்தின் அனுமதிக் கடிதம். அது இணைக்கப்படாத முன்மொழிவை யாரும் பிரித்தும் பார்க்கமாட்டார்கள்.

அதற்காகத்தான் அந்த வெயில் காலையில் துரை முன்னால் உட்கார்ந்திருந்தோம். துரை சிங்களவர், நாற்பது வயதுக்குள். மோசமான மனிதர் இல்லை. தமிழ் நன்றாகவே பேசினார். முன்மொழிவை முழுதாக வாசித்திருந்தார். பெரிய இடத்தில் இருப்பவர்களிடம் அது அபூர்வம்.

"தண்ணி எவ்வளவு இருக்குன்னு எனக்கும் தெரியணும்" என்றார். "நீங்க தாராளமா பாருங்க. ஆனா மடுவத்துல இன்னொரு தராசு வைக்க முடியாது. இன்னொரு தராசு வச்சா என்ன அர்த்தம்? என் தராசு பொய்னு நானே சொல்ற மாதிரி. மறுநாள் பெரட்டுல ஒரு ஆள் வேலைக்கு இறங்காது."

பெரட்டு என்பது காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதற்குத்தான் கேள்வி கேட்கிறோம் என்று எங்கள் பக்கத்தில் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

பேராசிரியர் பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்தார். அதைத் தோட்டத்து ஆபீசுக்கும் கொண்டுவருவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. செலவுப் பக்கத்தைத் திருப்பி, பதினோராவது வரிக்குக் கீழே வைத்தார்.

"இத இப்பிடியும் வைக்கலாமே" என்றார்.

"சேர், தராசு போனா ரெண்டாவது நோக்கம் போயிரும்."

"காசில்லாத நோக்கம்?" என்று கேட்டு, வகுப்பில் பிள்ளை விடை சொல்லும்வரை பார்த்திருப்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் பதினோராவது வரியையே பார்த்தேன். அவர் புள்ளி வைத்தார்.

பிறகு மற்றவை தாமாக விழுந்தன. மடுவத்தில் நாங்கள் நிற்பதே கணக்கப்பிள்ளைக்கு இடைஞ்சல் என்றார் துரை. அதனால் அளக்கும் இடம் மடுவத்திலிருந்து மலைக்கு, கொழுந்து பறிக்கும் நிரைக்கே மாறியது. ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லாததால் மூன்றாவது நோக்கம், 'ஈரம் பற்றிய தகவலைத் தோட்ட நிர்வாகத்துக்கு வழங்குதல்' என்று ஆனது. விளக்கத் தாளில் கழிவு என்ற சொல் இருக்கக்கூடாது என்றார் துரை. பேராசிரியர் தலையாட்டினார். ஒரு பக்கத்துத் தாள் நான்கு வாக்கியமாகச் சுருங்கியது. 'கொழுந்தில் உள்ள ஈரம் பற்றி அறிய வந்திருக்கிறோம்' என்பது முதல் வாக்கியம். மற்ற மூன்றில் பெயர் வெளியே வராது, விருப்பமில்லாவிட்டால் விலகலாம், நன்றி.

அரை மணி நேரத்தில் அனுமதிக் கடிதத்தைக் கிளாக்கர் அடித்துக் கொண்டுவந்தார். ஜீப்பில் திரும்பினோம். ஹட்டன் வரும் முன்னால் பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"முதல் பக்கத்துல உங்க பேரு இருக்கு. மறந்துறாதீங்க."

அன்று மாலை நானே உட்கார்ந்து திருத்தி அடித்தேன். இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. திருத்திய முன்மொழிவு முன்னதைவிடச் சுத்தமாக இருந்தது. வலமிருந்து வாசித்தாலும் இடமிருந்து வாசித்தாலும் எங்கேயும் அறவில்லை. ஒவ்வொரு ரூபாவும் ஒரு நோக்கத்துக்குப் போனது, ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு ரூபா இருந்தது. மதிப்பிட்ட மூன்று பேரும் அதைத்தான் மெச்சி எழுதினார்கள். மறுவருடத் தொடக்கத்தில் பணம் வந்தது.

களவேலை 2017 ஜூன், ஜூலை. எங்கள் மேற்குச் சரிவில் மழை அடித்து ஊற்றும் மாதங்கள். பல்கலைக்கழகத்திலும் படிப்பித்துக்கொண்டிருந்த பேராசிரியருக்கு விடுமுறையும் அப்போதுதான். இருபத்துநான்கு பெண்களைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். மாரியாயியின் பெயரும் விழுந்தது. நான் பேராசிரியரிடம் சொன்னேன். "குலுக்கலில் வந்தது, இருக்கட்டும்" என்றார்.

அளக்கும் முறை எளிது. பெண்ணின் கூடையை ஒரு சின்ன ஸ்பிரிங் தராசில் தூக்குவோம். அதிலிருந்து ஒரு கிலோக் கொழுந்தை எடுத்து, காய்ந்த வெள்ளைத் துணியில் உருட்டி ஒற்றி, மறுபடியும் நிறுப்போம். குறைந்த எடைதான் தண்ணீர்; அதை முழுக் கூடைக்கும் பெருக்கிக்கொள்வோம். மே மாதத்தில் இரண்டு மழை நாளில் ஒத்திகை பார்த்தோம். கூடைக்கு அரைக் கிலோவைத் தாண்டவில்லை. எனக்கு அன்று நல்ல பசி எடுத்தது. இரண்டு ரொட்டி கூடவே சாப்பிட்டேன். தராசு இல்லாமலேயே மாரியாயியின் கேள்விக்கு விடை வந்துவிடும் என்று நினைத்தேன். கழிவு ஒரு கிலோ, தண்ணீர் அரைக் கிலோ. அறிக்கையில் அந்த இலக்கம் வந்தால் போதும், யாராவது பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

ஜூனில் முதல் நாளே தண்ணீர் இரண்டு கிலோவுக்கு மேல் காட்டியது. இரண்டாம் நாளும் அப்படியே. தராசைச் சோதித்தேன். துணியை மாற்றினேன். பயிற்சிப் பையன்கள் ஒற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிழை இல்லை. மூன்றாம் நாள் குடையை மடக்கி வைத்துவிட்டு நிரைக்குள் இறங்கினேன்.

மழையில் கொழுந்து பறிப்பவர்கள் கை நிறைந்ததும் மணிக்கட்டை ஒரு உதறு உதறுவார்கள். தண்ணீர் தெறித்துப் போகும். அதற்குப் பிறகுதான் தோளுக்கு மேலால் கூடைக்குள் போடுவார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. உதறாவிட்டால் கூடை கனத்து, தண்ணீர் முதுகில் வழிந்து, இடுப்பில் கட்டியிருக்கும் படங்குத் துணி நனைந்து காலில் ஒட்டும். மே மாதத்தில் நிரை முழுக்க அந்த உதறல் சத்தம் கேட்டது. இப்போது மழைச் சத்தம் மட்டும்தான். கைகள் நேராகக் கூடைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு கூடையின் அடியிலிருந்தும் தண்ணீர் கயிறாக ஒழுகியது.

"மாரி, என்ன, கைய உதறலியா?"

"சும்மா இருங்கண்ணே" என்றாள், குரலைத் தாழ்த்தி. "நாங்க எல்லாரும் பேசிக்கிட்டோம். ஆராச்சிக்காரவங்க ஈரத்தைப் பாக்கத்தானே வந்திருக்காங்க? நல்லா பாக்கட்டும். எம்புட்டு மழைய முதுகுல சொமக்குறோம்னு எழுதட்டும்."

அடுத்த நிரையில் நின்ற ராமாயி, எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், நிமிராமலே சொன்னாள்: "பாத்துப்புட்டு ஆளுக்கொரு ரெயின்கோட்டாவது குடுக்க மாட்டாங்களா மாமா? ஒங்க பெரிய ஐயா குடைக்குள்ளயே நடுங்குறாரு, பாவம்."

நிரை முழுவதும் சிரித்தது. அவர்கள் எங்களுக்கு நல்லது செய்துகொண்டிருந்தார்கள். ஒத்திகைக்குப் பிறகு, ஜூனில் தொடங்கும்போது, நான்கு வாக்கியம் வாசித்துக் காட்டியிருந்தோம். மிச்சத்தை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். தண்ணீர் அதிகமாகத் தெரிந்தால் கஷ்டமும் அதிகமாகத் தெரியும் என்று கணக்குப் போட்டு, முதுகு விறைக்க விறைக்க அதைச் சேர்த்துக் கொண்டுவந்து எங்கள் தராசில் வைத்தார்கள்.

ஜீப் நின்ற இடத்துக்கு ஏறிப் போனேன். பேராசிரியர் குடையை மடக்கிவிட்டு முன் ஆசனத்தில் ஏறியிருந்தார். சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல சேர்."

"நல்லது. சொல்லாதீங்க. தாள்ல இல்லாததைச் சொன்னா தரவு கெட்டுரும்."

"இப்பவே கெட்டுத்தான் சேர் இருக்கு."

"கை உதறுறது நம்ம நோக்கத்துல இருக்கா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. எப்போதும் கேட்பதுபோலத்தான் கேட்டார். "முறையில இருக்கா? செலவுல இருக்கா?"

"இல்ல சேர்."

"அப்ப அது நம்ம ஆராய்ச்சியில இல்லை."

"மலையில இருக்கு சேர்."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். மே மாத ஒத்திகை இலக்கத்தையாவது அறிக்கையில் போடுவோம் என்றேன். ஒத்திகை முறையில் இல்லை என்றார். கடைசியில் எனக்காக ஒரு வாக்கியம் விட்டுக்கொடுத்தார். 'பறிப்பவர்களின் பழக்கவழக்கங்கள் அளவீட்டில் தாக்கம் செலுத்தியிருக்கலாம்.' முப்பத்தெட்டாம் பக்கம். முப்பத்தெட்டாம் பக்கத்தை வாசித்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

பதினெட்டு நாள் அளந்தோம். ஒரு நாள்கூட எந்தப் பெண்ணும் கையை உதறவில்லை. இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. அவர்களும் விலகவில்லை. அறிக்கை முடிந்ததும் முன்மொழிவில் எழுதியபடி சுருக்கத்தைத் தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுத்தோம். மூன்றாவது நோக்கமும் நிறைவேறியது.

2018 மே, மழை தொடங்கிய வாரம், மாரியாயி வீட்டுக்குப் போனேன். பெரியண்ணன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். பெரட்டில் பெரிய கணக்கப்பிள்ளை சொன்னதை அவரே நடித்துக் காட்டினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. ஆராச்சி பண்ணிப் பாத்தாச்சு. நிறுவைக்கு ரெண்டு கிலோவுக்கு மேல தண்ணி நிக்கிதுன்னு பெரிய படிச்சவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. தொரை நல்லவரு, மேலதிகத்த விட்டுட்டாரு. மழை நாளைக்கு இனிமே நிறுவைக்கு ரெண்டு கிலோ."

ஒரு நாளைக்கு மூன்று கிலோவாக இருந்தது ஆறு கிலோ ஆகிவிட்டது. பதினெட்டு எடுத்துக்கொண்டிருந்தவளுக்குப் பதினைந்து. முழுப்பேர் அரைப்பேர்.

"ஆராச்சிக்கு முன்னாடி ஒரு கிலோ" என்றார் பெரியண்ணன், விரலை மடக்கி. "ஆராச்சிக்குப் பொறகு ரெண்டு. தயவுசெஞ்சு இன்னொரு தடவ ஆராச்சிக்கு வந்துறாதீங்க மச்சான்."

மாரியாயி சிரிக்கவில்லை. எனக்குத் தேநீர் வைத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அண்ணே, இது கழிவு விஷயமாத்தான்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"தாள்ல இல்லாததைச் சொல்லக் கூடாதுன்னு இருந்துச்சு."

"தாள யாரு எழுதுனா?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"நான் ஒங்க கூடப் பொறந்தவ" என்றாள். "நிரைக்குள்ள வந்து நின்னு, ஏன் உதறலன்னு கேட்டீங்க. ஒரு வார்த்த, உதறு மாரின்னு சொல்லிருந்தா போதும். காரணம்கூட கேட்டிருக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு செய்ய முடிந்ததைச் செய்தேன். மடுவத்தில் தராசு வைத்து மறுபடியும் அளக்க இரண்டு பக்கத்தில் ஒரு புதிய முன்மொழிவு எழுதினேன். பேராசிரியர் மட்டம் வைத்து வாசித்தார். "நல்லா இருக்கு. எந்தத் தோட்டம் அனுமதி குடுக்கும்?" என்றார். ஐந்து தோட்டத்துக்குக் கடிதம் போட்டேன். இரண்டிலிருந்து பதில் வந்தது. இரண்டும் மறுப்பு. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஒரு நாள் ஹட்டனுக்கு என்னைத் தேடி வந்தார். அந்த ஆராய்ச்சி பிழையென்று எழுதிக் கொடுத்தால் பேச்சுவார்த்தையில் காட்டலாம் என்றார். எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

"ஐயா, அறிக்கையில ஒங்க பேருதான் இருக்காம். நீங்களே எழுதிட்டு நீங்களே பிழைன்னு சொன்னா, எதை நம்புறதுன்னு கேக்குறாங்க."

நாற்பத்தாறு முன்மொழிவில் ஒன்றில்தான் என் பெயர் ஏறியது. அந்த ஒன்றைப் பற்றி மட்டும் என் வாய்க்கு மதிப்பில்லாமல் போயிற்று.

மாரியாயியின் சம்பளச் சீட்டை மாதாமாதம் வாங்கிப் பார்த்தேன். மழை நாளில் விழுந்த அரைப்பேரை மட்டும் எண்ணி, குறைந்த பாதிச் சம்பளத்தைக் கையில் கொடுத்தேன். முதல் தடவை வாங்க மறுத்தாள்.

"ஆபீஸ் காசா?"

"இல்ல. என் காசு."

"ஆபீஸ் ஒண்ணும் தரலியா?"

"ஆபீசுக்கு இது தெரியாது."

"தெரியாதா, தெரிஞ்சுக்கலியா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள். 2020 டிசம்பரில் அவள் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை கொடுத்தேன். இப்போதும் அந்தத் தோட்டத்தில் மழை நாளில் நிறுவைக்கு இரண்டு கிலோதான்.

புதிதாக வந்திருக்கும் நீங்கள் பின்னிணைப்பைப் புரட்டி, அந்த முன்மொழிவை வலமிருந்து இடமாக வாசித்துப் பாருங்கள். எங்கேயும் அறாது. பதினோராவது வரியில் இப்போது எழுதுகருவிகள் என்று இருக்கும். பேராசிரியர் காலமாகிவிட்டார். கேள்வி எழுதிய அட்டை அவருடைய சட்டைப் பையோடு போய்விட்டது. அதனால் அதை மேலே முழுதாக எழுதியிருக்கிறேன். அனுமதி வாங்க முடிந்தவர் யாராவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். என் பெயர் போட வேண்டாம்.

கணக்கு மட்டும் பாக்கி. மாரியாயிக்கு விழுந்த அரைப்பேர் எழுபத்திரண்டு. முதல் பதினொன்றுக்கு இருநூற்றைம்பது ரூபா வீதம், சம்பளம் ஏறிய பின் அறுபத்தொன்றுக்கு முந்நூற்றைம்பது வீதம். தராசு பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு முடிந்திருக்கும். இருபத்துநான்கு பேரில் ஒருத்திக்கு மட்டும் எனக்குச் செலவானது இருபத்துநாலாயிரத்து நூறு ரூபா.